இம்பெல்லரைத் தின்னும் கோடை

சித்திரை பிறந்து சொர்ணவாரிப் பட்டத்து நெல்லுக்கு நாற்று விடும் நாட்களில், உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் பம்புசெட் மெக்கானிக்கைக் கையில் பிடிப்பது கஷ்டம். வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "மோட்டார் நல்லாதான் ஓடுது, தண்ணிதான் பத்தல." நவரைப் பட்டத்தில் நாலு மணி நேரத்தில் பாய்ந்த காணிக்கு இப்போது ஆறு மணி நேரம் ஆகிறது என்பார்கள். காயில் எரியவில்லை, ஃபியூஸ் போகவில்லை, பைப்பில் ஓட்டை இல்லை. கேசிங்கின் போல்ட்டுகளைக் கழற்றி மூடியை இழுத்தால் குற்றவாளி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இம்பெல்லர் என்பது ஒரு சாண் அகலத்துக்கும் குறைவான வார்ப்பிரும்பு வட்டு. இரண்டு தகடுகளுக்கு நடுவே ஐந்தாறு வளைந்த இறக்கைகள். நடுவில் தண்ணீர் நுழைய ஒரு வாய், அதற்குக் 'கண்' என்று பெயர். புதிதாக வாங்கும்போது இறக்கையின் விளிம்பு விரலில் தடவினால் சீராக இருக்கும். நாலைந்து கோடை பார்த்ததை எடுத்துத் தடவிப் பாருங்கள். கண்ணை ஒட்டிய பகுதியில் ஊசி நுழையும் அளவுக்குக் குழி குழியாக அரித்திருக்கும். வெளி விளிம்பு மெலிந்து, சில இடங்களில் கத்தி முனையாகக் கூர்ந்திருக்கும். கண்ணின் உதடு தேய்ந்து, கேசிங்குக்கும் அதற்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி விட்டிருக்கும். இந்த மூன்று காயங்களுக்கும் காரணங்கள் இரண்டு. காயங்களைப் படிக்கத் தெரிந்தவருக்குக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்காமலே கிணற்றின் நிலை தெரிந்துவிடும்.

முதலில் அந்த இறக்கையின் வளைவைப் பார்க்க வேண்டும். முதல்முறை பார்ப்பவர்கள் எல்லோரும் இது தண்ணீரை வாரி அள்ளி வீசுகிறது என்று நினைத்து, வளைவின் உட்பக்கம் முன்னால் போகுமாறு சுற்றிக் காட்டுவார்கள். உண்மை நேர்மாறு. இறக்கைகள் சுழலும் திசைக்குப் பின்னோக்கிச் சாய்ந்தவை. தண்ணீரை வாருவது அவற்றின் வேலையே இல்லை. அதைச் சுழலவைத்து வெளிப்பக்கம் நழுவ விடுவதுதான் வேலை. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள இம்பெல்லர் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு வினாடிக்கு 22 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தைக் கேசிங்கின் அகலும் பாதை மெல்லக் குறைத்து அழுத்தமாக மாற்றுகிறது. விளிம்பு வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்தால் 52 மீட்டர் உயரம் என்று கணக்கு வரும். வழுக்கல், உராய்வு, இறக்கையின் சாய்வு எல்லாம் போக, கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பாதி, 25 மீட்டர் அளவு.

பின்னோக்கிய வளைவின் அருமை உலகத்துக்கு உறைத்தது 1851-ல். லண்டன் பெரும் பொருட்காட்சியில் ஜான் அப்போல்டு என்பவர் வளைந்த இறக்கை பம்பைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினார். அதன் செயல்திறன் 68 சதவீதம் என்று அளந்தார்கள். அதே பம்பில் நேரான ஆரைகளை இறக்கையாக வைத்தபோது 24 சதவீதம்தான். இரும்பின் எடையோ சுழற்றும் சக்தியோ மாறவில்லை, மாறியது வளைவு மட்டும். இன்றைக்கு உத்திரமேரூர் கடைவீதியில் தொங்கும் எந்த இம்பெல்லரும் அந்த வளைவின் வாரிசுதான்.

இந்தச் சுழல் பம்புக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. உள்ளே தண்ணீர் இருந்தால்தான் அது தண்ணீரை எடுக்கும். காலி கேசிங்கில் ஸ்விட்சைப் போட்டால் மோட்டார் ஊளையிடும், சொட்டு வராது. சுழலும் இம்பெல்லர் உண்டாக்கும் அழுத்தம் உள்ளே இருக்கும் பொருளின் அடர்த்தியைப் பொறுத்தது. காற்று தண்ணீரைவிட எண்ணூறு மடங்குக்கும் மேல் லேசு. 25 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும் அதே இம்பெல்லர், காற்றில் சுழலும்போது 25 மீட்டர் காற்றுத்தூணைத்தான் தாங்கும். அந்தக் காற்றுத்தூணின் எடைக்குக் கிணற்றிலிருந்து எழும் தண்ணீர் வெறும் 3 சென்டிமீட்டர். அதனால்தான் குடத்தில் மொண்டு வந்து புனல் வைத்து ஊற்றுகிறோம். கீழே ஃபுட் வால்வு அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கிறது. வால்வுக்குள் ஒரு குச்சி சிக்கினால் போதும், ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருக்கும். பாதிப் பேர் அதையும் இம்பெல்லர் கோளாறு என்றுதான் சொல்வார்கள்.

இங்கே படகு என்ஜினைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை, உத்திரமேரூர் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடலும் இருந்தது. கோவளத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் கண்ணாடி இழைப் படகுகளின் அவுட்போர்டு என்ஜினுக்குள்ளும் ஓர் இம்பெல்லர் இருக்கிறது. கடல்நீரை இழுத்து என்ஜினைக் குளிர்விப்பது அதன் வேலை. அது இரும்பு அல்ல, ரப்பர். அதன் இறக்கைகள் நேரானவை, வளையக்கூடியவை. அது உட்கார்ந்திருக்கும் உறையின் மையமும் அதன் மையமும் ஒன்றல்ல. ஒரு பக்கம் இறக்கைகள் மடங்கிக் குறுகும், மறுபக்கம் நிமிர்ந்து அகலும். அகலும் இடத்தில் நீர் உறிஞ்சப்படும், குறுகும் இடத்தில் பிதுக்கித் தள்ளப்படும். ஆகவே அது காற்றையும் இழுக்கும். குடத்தில் ஊற்றி உயிர் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் ரப்பர் உலோகத்தோடு உரசிக்கொண்டே சுற்றுவதால், போகிற தண்ணீரே அதற்கு எண்ணெய். தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிடம் ஓட்டினாலே சூடாகி இறக்கைகள் பிய்ந்துவிடும். மீனவர்கள் என்ஜினைப் போட்டதும் பக்கத்துத் துளையிலிருந்து பீய்ச்சும் நீர்க்கம்பியைத் திரும்பிப் பார்ப்பது இதற்காகத்தான். அது மெலிந்தால் இம்பெல்லர் மாற்றும் வேளை வந்துவிட்டது. மாற்றும்போது உடைந்த ரப்பர் துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்று குறைந்தால் அது குளிர்நீர்ப் பாதையில் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஆக, கடலோரத்து இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கிளம்பும், தண்ணீர் இல்லாமல் சாகும். கிணற்றடி இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் கிளம்பவே கிளம்பாது. ஆனால் உடனே சாகவும் சாகாது. மெல்ல மெல்லத் தின்னப்படும். எது தின்கிறது என்பதுதான் கேள்வி. பதிலுக்கு, இந்த பம்பு நம் கிணற்றடிக்கு வந்த கதையிலிருந்து தொடங்க வேண்டும்.

தொண்டை மண்டலத்தில் நெடுங்காலம் கிணற்று நீரை மேலே கொண்டுவந்தவை ஏற்றமும் கவலையும். மனிதன் மிதித்தான் அல்லது மாடு இழுத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர், ஆயில் என்ஜினும் சுழல் பம்பும் வைத்துக் கிணற்றுப் பாசனம் செய்தால் கட்டுப்படியாகுமா என்று சென்னை மாகாணத்தில் சோதித்தார். அந்தச் சோதனை நடந்த இடங்களில் ஒன்று செங்கல்பட்டுப் பக்கத்து மெல்ரோசாபுரம். பிறகு கோயம்புத்தூர் வார்ப்பாலைகள் பம்பையும் மோட்டாரையும் உள்ளூர்ச் சரக்காக்கின. மின்கம்பம் கிராமம் கிராமமாக வந்தது. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இந்த இலவசத்துக்கு நான் எதிரி அல்ல. ஆனால் அதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: பில் வந்தால் தேய்ந்த பம்பு விழுங்கும் கூடுதல் யூனிட் கண்ணில் படும், இங்கே படாது. பாய்ச்சும் நேரம் ஒன்றுதான் நமக்கு மீட்டர்.

ஏற்றத்துக்கு இல்லாத ஒரு வரம்பு சுழல் பம்புக்கு உண்டு. மேட்டில் உட்கார்ந்த பம்பு தண்ணீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. கண்ணருகே அழுத்தத்தைக் குறைக்கிறது. கிணற்று நீரின் மேல் அழுத்தும் காற்றுமண்டலம் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி ஏற்றுகிறது. காற்றுமண்டலத்தின் முழு பலமும் சேர்ந்தாலும் 10.3 மீட்டர் நீர்த்தூணுக்கு மேல் தள்ள முடியாது. பம்பு பழுதுபார்ப்பவருக்கு இந்த வரம்பு தெரிந்திருந்ததை 1638-ல் கலிலியோ எழுதினார்; காரணத்தைச் சில ஆண்டுகள் கழித்து டாரிசெல்லி பாதரசக் குழாயில் காட்டினார். நடைமுறையில் குழாய் உராய்வும் கண்ணில் நுழையும் வேகமும் போக 6 முதல் 7 மீட்டர்தான் மிஞ்சும். இருபது, இருபத்திரண்டு அடி.

கார்த்திகையில் கிணறு தளும்பி நிற்கும்போது இந்த வரம்பு யாருக்கும் நினைவில் இருக்காது. வைகாசியில் நீர்மட்டம் இருபத்தைந்து அடிக்கு இறங்கும்போது நடப்பது வேறு. கண்ணருகே அழுத்தம் மிகத் தாழ்ந்து, முப்பது டிகிரியில் இருக்கும் சாதாரணக் கிணற்று நீர் அங்கேயே கொதிக்கிறது. சூடாகாமல் கொதிக்கிறது, அழுத்தம் குறைந்தால் கொதிக்கும் வெப்பநிலையும் குறையும் அல்லவா? நீராவிக் குமிழிகள் ஆயிரக்கணக்கில் பிறக்கின்றன. இறக்கை வழியே சற்று வெளியே நகர்ந்ததும் அழுத்தம் ஏறுகிறது, குமிழிகள் சட்டென்று இடிந்து அமுங்குகின்றன. உலோகத்தை ஒட்டி இடியும் குமிழிக்குள் தண்ணீர் ஊசியாகப் பாய்ந்து இரும்பைக் குத்துகிறது. கண்ணருகே நாம் பார்த்த குழிகள் அந்தக் குத்தின் தழும்புகள். காதில் கேட்டால், பம்புக்குள் யாரோ ஜல்லி அள்ளிப் போட்ட மாதிரி கலகலவென்று இருக்கும். "கல்லு மாட்டிகிச்சு" என்று திறந்து பார்த்து, ஒன்றும் இல்லாமல் மூடியவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள்.

இந்தக் குமிழித் தொல்லையை முதலில் சந்தித்தவர்கள் விவசாயிகள் அல்ல, கப்பல்காரர்கள். 1890-களில் டேரிங் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், சுழலியை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் எதிர்பார்த்த வேகத்தை எட்டவில்லை. சுழலியைச் சுற்றிக் குமிழிகள் சூழ்ந்து, தண்ணீரின் மீதான பிடிப்பே போய்விட்டது. இறக்கையின் பரப்பை அகலமாக்கிய பிறகுதான் கப்பல் ஓடியது. இடியும் குமிழிக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பதை 1917-ல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டார். இரும்பையே குழி பறிக்கப் போதுமான அழுத்தம் என்று கணக்கு சொன்னது.

ஆக, உத்திரமேரூரில் ஓர் இம்பெல்லரின் ஆயுளைத் தீர்மானிப்பது அதை வார்த்த கம்பெனியைவிடக் கிணற்றின் நீர்மட்டம்தான். நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது ஏரி. இந்த வட்டாரம் ஏரிப் பாசன நாடு. அடியில் கடினப்பாறை, அதன் மேல் சிதைந்த பாறையும் மண்ணுமாக மெல்லிய அடுக்கு. கிணற்றுக்கு ஊற்று அந்த அடுக்கிலிருந்துதான் வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து கலங்கல் ஓடினால், கரைக்குக் கீழே ஆயக்கட்டுக் கிணறுகளுக்கெல்லாம் ஊறிக்கொண்டே இருக்கும். ஏரி தூர்ந்து, மழை முடிந்த சில வாரங்களில் வற்றினால், கிணறு மாசியிலேயே கீழே போகும்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் பராந்தக சோழன் காலக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை, குடவோலைக்காக உலகம் முழுக்கப் பேசப்படுகின்றன. தேர்தல் முறையை மெச்சுகிற அவசரத்தில், எதற்குத் தேர்தல் என்பதைப் பலர் கடந்துவிடுகிறார்கள். ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். ஏரியைப் பார்த்துக்கொள்வது மட்டுமே வேலையாக, ஆண்டுக்கு ஒருமுறை ஓலை போட்டு எடுத்த ஆறு பேர். பல்லவர் காலத்து வைரமேக தடாகத்தின் ஊர் இது. அந்த ஆறு பேர் பார்த்த வேலையில் ஒரு பகுதியை இன்று ஒவ்வொரு கிணற்றுக்காரரும் தனித்தனியாக, இம்பெல்லர் விலையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

குமிழிகள் பறித்தது போக, மீதியைத் தேய்ப்பது மணல். கிணறு வற்றும்போது ஃபுட் வால்வு அடிச்சேற்றுக்கு நெருங்கிவிடும். மும்முனை மின்சாரம் எந்த நேரம் வரும் என்று காத்திருக்க முடியாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்துவிட்டுத் தூங்குகிறோம். நள்ளிரவு கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பி, கிணற்றைக் காலி செய்து, கடைசி அரை அடித் தண்ணீரைச் சேறும் மணலுமாக இழுக்கும். பிறகு காற்றைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை வெறுமனே சுற்றும். மணல் வெளி விளிம்பை மெலியவைக்கிறது, கண்ணின் உதட்டைத் தேய்க்கிறது. உதட்டுக்கும் கேசிங்குக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டிய இடைவெளி ஒரு மில்லிமீட்டராக அகன்றால், வெளியே தள்ளிய தண்ணீரில் ஒரு பங்கு அந்தச் சந்து வழியாகத் திரும்பக் கண்ணுக்கே வந்து மறுபடி சுற்றும். மோட்டார் உழைப்பது உண்மை, மின்சாரம் செலவாவதும் உண்மை. வாய்க்காலுக்கு வருவது மட்டும் குறைவு.

மாற்றும் வேலைக்கு வருவோம். ஸ்விட்சை அணைப்பது போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கும் கொட்டகையில் இது உயிர் விஷயம். கேசிங்கைப் பிரித்ததும் இம்பெல்லரின் நடுவே நட்டு தெரியும். சுழலும்போது தானாக இறுகுமாறு அதன் புரி வெட்டப்பட்டிருக்கும். திசை தெரியாமல் முறுக்கினால் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்போம். இம்பெல்லர் துரு ஏறிப் பிடித்திருந்தால் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். சாஃப்டின் முனையில் சுத்தியலால் ஓங்கி அடிப்பவரை உடனே நிறுத்துங்கள். அந்த அடி நேராகப் பேரிங்குக்குப் போகும், இம்பெல்லர் புதிதான மூன்றாம் மாதம் பேரிங் கத்தும். சாஃப்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன இரும்புச் சாவியைப் பத்திரப்படுத்த வேண்டும். கண்ணின் உதட்டைச் சுற்றி வரும் வியர் ரிங் தனியாகப் பொருத்திய மாடலாக இருந்தால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டும். தேய்ந்த ரிங்குக்குள் புது இம்பெல்லரைப் போட்டால் சந்து பாதிதான் குறையும். கையோடு, சாஃப்ட் கேசிங்குக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டு கயிறையோ சீலையோ புதுப்பித்துவிடுவது நல்லது. அந்த வழியாகக் காற்று கசிந்தால் பம்பு எடுக்கவே எடுக்காது.

கடையில்தான் பெரிய தப்பு நடக்கும். பழைய இம்பெல்லரை எடுத்துப் போய் அளந்து அதே அளவு கேட்பார்கள். விளிம்பு தின்னப்பட்டதால் அளவு குறைவாக வரும். அல்லது "கொஞ்சம் பெருசா குடு, தண்ணி ஜாஸ்தி வரட்டும்" என்பார்கள். இரண்டாவது ஆபத்தானது. விட்டம் பத்து சதவீதம் கூடினால் தண்ணீர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். ஏற்றும் உயரம் வர்க்கமாக, இருபத்தொரு சதவீதம் கூடும். மோட்டார் மீது விழும் சுமை கனமாக, முப்பத்துமூன்று சதவீதம் ஏறும். 5 குதிரைத்திறன் மோட்டார் ஆறரைக்கு மேல் சுமக்க வேண்டி வரும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊரில் அந்தக் காயில் எத்தனை நாள் தாங்கும்? பம்பின் தகட்டில் அச்சடித்த மாடலைச் சொல்லிக் கேட்பதே சரி.

மாற்றிய பிறகும் நீர்மட்டம் அதே ஆழத்தில் இருந்தால், புது இம்பெல்லரில் முதல் குழி அந்தக் கோடையிலேயே விழும். அதனால்தான் பலர் கிணற்றுக்குள்ளேயே மேடை கட்டிப் பம்பை இறக்கினார்கள். உறிஞ்சும் உயரம் குறைந்தது, குமிழி அடங்கியது. ஆனால் ஐப்பசியில் ஒரே இரவு மழையில் மோட்டார் முழுகியது. இந்த இரண்டு தலைவலிக்கும் தீர்வாக வந்தது தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஓபன்வெல் சப்மெர்சிபிள். அது உறிஞ்ச வேண்டியதே இல்லை, தள்ளினால் போதும்.

போர்வெல்லில் கதை இன்னும் நீளம். ஆறு அங்குலக் குழிக்குள் பெரிய இம்பெல்லர் நுழையாது. 10 சென்டிமீட்டர் அளவுள்ளது ஒன்று சுமார் 10 மீட்டர்தான் தூக்கும். ஆகவே ஒன்றன் மேல் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு அடுக்குகிறார்கள். ஒவ்வொன்றும் கீழே இருப்பது கொடுத்த அழுத்தத்தின் மேல் தன் பங்கைச் சேர்க்கும். பிளாஸ்டிக்கோ வெண்கலமோ, தேய்மானம் எல்லா அடுக்கிலும் சேர்ந்தே நடக்கும். முக்காலி நிறுத்தி, செயின் பிளாக் மாட்டி, குழாய் குழாயாகக் கழற்றி மேலே எடுக்கும் கூலி இம்பெல்லர் விலையைத் தாண்டிவிடுவதால், கெட்டது இரண்டு என்று தெரிந்தாலும் புஷ்ஷோடு மொத்த செட்டையும் மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாம் பூட்டியாயிற்று, தண்ணீர் ஊற்றியாயிற்று. டெலிவரி வால்வை மூடிய நிலையில் மோட்டாரைப் போட வேண்டும். இந்த வகை பம்பு தண்ணீர் தள்ளாதபோதுதான் மிகக் குறைந்த சக்தியை இழுக்கும், காயிலுக்கு இதம். வேகம் பிடித்ததும் வால்வை மெல்லத் திறக்கலாம், ஆனால் மூடியபடி நெடுநேரம் விட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடேறிவிடும். திறந்த பிறகும் தண்ணீர் பழையபடி மந்தமாகவே வந்தால், கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் சாஃப்ட் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். மூன்று பேஸ் வயரில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். தலைகீழாகச் சுற்றினாலும் இந்த பம்பு தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பி அனுப்பாது. அதே வாய் வழியாகத்தான் வெளியே தள்ளும். சுழற்சி எந்தப் பக்கமானாலும் தண்ணீர் மையத்திலிருந்து விளிம்புக்குத்தான் போகும். இறக்கையின் வளைவு மட்டும் இப்போது எதிர்ப்புறம் பார்ப்பதால் அளவும் உயரமும் வெகுவாகக் குறையும். சத்தம் உண்டு, ஈரம் உண்டு, வேகம் இல்லை. கேசிங் மேல் அம்புக்குறி வார்த்திருப்பார்கள். மோட்டாரை ஒரு நொடி போட்டு அணைத்து, நிற்கப்போகும் விசிறியை அதோடு ஒப்பிட்டால் போதும். மாறியிருந்தால் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, ஸ்டார்ட்டரில் ஏதாவது இரண்டு வயரை மாற்றிப் பூட்ட வேண்டும். ஐந்து நிமிட வேலை. புது இம்பெல்லர் கழன்று கடைக்குத் திரும்பிப் போகாமல் இருக்கும்.